அணைத்து வைத்த பிரிண்டர்

விடுமுறை நாள் என்பதால் கம்ப்யூட்டர் பிரிவில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் சர்வரக்கா. கழுத்தில் தொங்கும் அட்டையில் முழுப் பெயர் அச்சாகியிருந்தாலும் அதைப் படித்தவர் யாரும் இல்லை. தரைத்தளக் கோடியில், ஜன்னல் இல்லாத குளிர் அறைக்குள் இருக்கும் பழைய யூனிக்ஸ் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. நோயாளிப் பதிவு, ஆய்வகம், மருந்தகம், ரத்த வங்கி என்று எல்லாப் பாரமும் அதன் தலையில்தான். அதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார்கள். பேசி, டீ குடித்து, கலைந்துபோவார்கள்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுக்கும்போது கைபேசி அடித்தது.

"அண்ணி, லேபிள் வரலை."

ரத்த வங்கியிலிருந்து குட்டி பேசினாள். கணவனின் தங்கை. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, கல்லூரிக்குப் போகிற மகளும் இருக்கிறாள். வீட்டில் அவள் இன்னும் குட்டிதான். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று குடும்பமே கேலி செய்யும். அந்தக் குட்டி இரண்டே வார்த்தையில் நிறுத்தியது சர்வரக்காவுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

"பேப்பர் ரோல் பாத்தியா?"

"புது ரோல் போட்டேன். பச்சை விளக்கு எரியுது. நானும் அமுக்கிக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் வரலை. அண்ணி, ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு பொண்ணு. குழந்தை பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கலை. அவங்க ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்த அவசர ரத்தப் பை எல்லாம் ஏத்தியாச்சு. இங்க பொருத்தம் பாத்துப் பை ரெடியா வச்சிருக்கேன். லேபிள் ஒட்டாம வெளிய விட முடியாது."

"கையால எழுதி ஒட்ட முடியாதா?"

"எழுதினா ரெண்டு டெக்னீஷியன் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். இன்னொருத்தர் ரத்தம் வாங்கிட்டு வர வண்டியில போயிருக்கார். நான் தனியா நிக்கறேன்."

அந்த விதி வந்த கதை இருவருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு அவசரத்தில் கிறுக்கிய ஓர் எண்ணை வேறோர் எண்ணாகப் படித்து, ஒருவருக்குப் போகவேண்டிய பை இன்னொருவருக்குப் போய்விட்டது. அந்த மனிதர் பிழைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் யாரும் அதைச் சத்தமாகப் பேசுவதில்லை.

"போனை வைக்காதே, இரு," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

அச்சு வரிசையைக் காட்டச் சொன்னாள். திரை நிறைந்து வழிந்தது. ரத்த வங்கி லேபிள் பிரிண்டரின் பெயருக்குக் கீழே வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடந்தன. குட்டி அமுக்கிய ஒவ்வோர் அமுக்கும் ஒரு வேலை. எல்லாவற்றுக்கும் தலைமாட்டில், விபத்தில் அடிபட்டுப் பக்கத்துத் தியேட்டரில் கிடந்த ஓர் ஆளுக்கு, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று சற்று முன் கொடுத்த லேபிள். அது ‘அச்சாகிக்கொண்டிருக்கிறது’ என்று காட்டியது. எங்கே அச்சாகிறது? குட்டியின் மேஜையில் வெறும் ரோல்தான் இருந்தது.

பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் நெட்வொர்க் எண்ணுக்குப் பிங் அனுப்பினாள். இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரி அது. இருக்கிறேன் என்று உடனே பதில் வந்தது. மறுபடி கேட்டாள், மறுபடியும் வந்தது. அப்படியானால் வயரில் கோளாறு இல்லை, பிரிண்டரிலும் இல்லை, கோளாறு சர்வருக்குள்தான் என்று முடிவு கட்டினாள். அந்த முடிவுதான் அவளை நெடுநேரம் அலைக்கழித்தது.

முதலில் நின்ற வேலையை ரத்து செய்தாள். ‘ரத்து செய்யப்பட்டது’ என்று சர்வர் பவ்யமாகச் சொன்னது. வரிசையைத் திரும்பப் பார்த்தால் அந்த வேலை குத்துக்கல் மாதிரி அங்கேயே இருந்தது. பிரிண்டரை நிறுத்தி, மீண்டும் இயக்கிப் பார்த்தாள். அதே வேலை, அதே ‘அச்சாகிக்கொண்டிருக்கிறது’.

"அண்ணி, தியேட்டர்லேர்ந்து கேக்கறாங்க. என்ன சொல்ல?"

"இப்ப வந்துடும்னு சொல்லு."

"இப்பன்னா?"

அவள் விரல்கள் விசைகளுக்குத் திரும்பியிருந்தன.

எல்லா அச்சு வேலைகளையும் வாங்கி வரிசைப்படுத்தி அனுப்பும் நிரல் ஒன்று சர்வருக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஷெட்யூலர் என்பார்கள். அதை நிறுத்தித் திரும்பக் கிளப்பினால் சிக்கல் தன்னால் அவிழும், பலமுறை அவிழ்ந்திருக்கிறது. ஆனால் நிறுத்துகிற நேரத்தில் மருத்துவமனையில் ஒரு பிரிண்டரும் ஓடாது. மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மேஜை போனிலிருந்து அவருக்குப் போட்டாள். அவர் போன் அணைத்துக் கிடந்தது. சர்வரை விற்ற கம்பெனியின் உதவி எண்ணில் இசை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வருவது வரட்டும் என்று நிறுத்தினாள். நின்றது. கிளப்பினாள்.

‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றது சர்வர்.

ஓடவில்லை. மறுபடி கிளப்பினாள். மறுபடியும் அதே பொய். ஒரு பிரிண்டரைச் சரிசெய்யப் போய் மொத்த மருத்துவமனையையும் முடக்கியாயிற்று. மேஜை போன் அலறத் தொடங்கியது. மருந்தகத்திலிருந்து ஒருவர், ‘ரசீது வரலைம்மா, இங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்குது’ என்றார். ஆய்வகத்திலிருந்து ஒருத்தி, ‘நீங்க ஏதாவது நோண்டினீங்களாக்கா?’ என்று கேட்டாள். அந்த ‘நோண்டினீங்களா’ நெஞ்சில் தைத்தது. ரிசீவரை எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, குட்டி இருந்த கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

‘என்ன பண்ணிட்டேன், கடவுளே’ என்று வாய் முணுமுணுத்தது. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. ஷெட்யூலர் ஓடும்போது இன்னொன்று கிளம்பிவிடாமல் இருக்க ஒரு பூட்டு ஃபைலை எழுதிவைக்கும். நிற்கும்போது தானே அழித்துவிடும். இந்தத் தடவை அழிக்காமலே நின்றிருந்தது. ஆள் போன வீட்டில் உள்ளே யாரோ இருப்பதுபோல் தாழ் போட்டுக் கிடந்தது. அந்த ஃபைலைத் தேடிப் பிடித்து அழித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவதில்தான் சரியாக வந்தது. கிளப்பினாள். ஓடியது.

மருந்தகப் பிரிண்டர் நகர்ந்தது, ஆய்வகம் நகர்ந்தது, பதிவு அறை நகர்ந்தது. போன உயிர் பாதி திரும்பியது. ரத்த வங்கியின் வரிசை மட்டும் அப்படியே நின்றது.

"குட்டி, இன்னும் வரலையா?"

"இல்லை." குட்டியின் குரல் உடைந்திருந்தது. "அண்ணி, நான் கையாலயே எழுதிக் கொண்டுபோயிடறேன். என்னை வேலையை விட்டுத் தூக்கினா தூக்கட்டும்."

"ரெண்டு தியேட்டருக்கும் பை வச்சிருக்கே. வேற வேற குரூப்பு. உன் கை இப்ப எப்படி நடுங்குதுன்னு எனக்கு இங்கேயே தெரியுது."

"அப்ப அவ சாகறதைப் பாத்துக்கிட்டு நிக்கவா?" என்று குட்டி கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்தச் சனியனை அணைச்சே போட்டுட்டேன். கொஞ்சம் ஆறட்டும், திரும்பப் போடறேன்," என்றாள்.

"எதை?"

"பிரிண்டரைத்தான். வயரையே பிடுங்கிட்டேன்."

சர்வரக்கா திரையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சிறு ஜன்னலில் பிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்திருந்தாள். இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரி வரியாகப் பதில் வந்துகொண்டேயிருந்தது.

"குட்டி, நிஜமா வயரைப் பிடுங்கிட்டியா?"

"கையிலதான் வச்சிருக்கேன்."

அணைத்து வைத்த பிரிண்டர் பதில் சொல்கிறது என்றால், பதில் சொல்வது பிரிண்டர் இல்லை. வேறு எதுவோ அதே எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சர்வர் அதனிடம் போய் லேபிளை நீட்ட, அது வாங்கவும் மாட்டாமல் வேண்டாமென்றும் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருந்த வில்லையைப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு கருவிக்கும் செய்த இடத்திலேயே கொடுத்தனுப்பும் அடையாள எண் அது. குட்டி படிக்கப் படிக்க, பதில் சொல்கிற கருவியுடையது என்று சர்வர் குறித்துவைத்திருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே ஒட்டவில்லை.

இன்று புதிதாக என்ன வந்தது? காலையில் வேலைக்கு வரும்போது, நோயாளிகளின் உறவினர் காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் ஏணிபோட்டு ஏறிப் பெரிய திரை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு எந்த நிலையில் சிகிச்சை நடக்கிறது என்று அறிவிக்கும் பலகை. அவளிடம் யாரும் எண் கேட்கவில்லை. அந்த நேரத்தில் பிரிண்டர் அணைந்திருக்கும். காலியாகத் தெரிந்த எண்ணை அவர் எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

கூடத்து வரவேற்பு மேஜைக்குப் போன் போட்டாள். எடுப்பாரில்லை. ஓட எழுந்தவள் நாற்காலிமேல் கைவைத்து நின்றாள். திரையைப் பிடுங்கிய மறுகணம் வழி திறந்துவிடும். நின்ற லேபிளெல்லாம் மொத்தமாகக் கொட்டும். விபத்து ஆளுடையதும் இந்தப் பெண்ணுடையதும், ஒரே லேபிள் பத்துப் பதினைந்து பிரதிகளுமாக. கண்ணில் நீரோடு தனியாக நிற்கிற ஒருத்தி அதிலிருந்து பொறுக்கி ஒட்டவேண்டும்.

"குட்டி, வரிசையில இருக்கறதை எல்லாம் அழிக்கறேன். அப்புறம் நீ புதுசா ஒரே ஒரு தடவை அமுக்கணும்."

"எதுக்கு அழிக்கறீங்க? வரட்டும் அண்ணி! நான் பொறுக்கிக்கறேன். நேரமில்லை!"

"முடியாது."

"அண்ணி, தயவுசெஞ்சு!"

"முடியாது குட்டி. தப்பான லேபிள் ஒட்டின பையை அவளுக்கு ஏத்தறதுக்கா இவ்வளவு பாடு?"

சொல்லிக்கொண்டே அவள் தொங்கிக்கொண்டிருந்த இணைப்பை வெட்டி, வரிசையை அடியோடு துடைத்தாள். இந்தத் தடவை குத்துக்கல்லும் போனது. அழிக்க எடுத்த நேரத்தில் மேலே ஒருத்தியின் உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்ற நினைப்பைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடினாள்.

நடைபாதை நீளமானது. செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கூடம் நிரம்பியிருந்தது. எல்லோரும் அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வரிசையாக நோயாளி எண்களும் எதிரே நிலையும் ஓடின. திரைக்கு நேர் கீழே ஓர் இளைஞன் நின்றிருந்தான். சட்டையில் கிரீஸ் கறை. வேலையிடத்திலிருந்து அப்படியே வந்தவன்போல. மார்போடு ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்த சின்னத் துணிகள்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். திரைக்குப் பின்னால் கைவிட்டு வயரைத் தேடினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"என்னம்மா பண்றீங்க? அதை எதுக்கு அணைக்கறீங்க?"

"விடுங்க."

"அதுல என் வீட்டுக்காரி நம்பர் இருக்கு. தியேட்டர்லன்னு போட்டிருக்கு. யாரைக் கேட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவ உள்ள இருக்கான்னு சொல்றது இது ஒண்ணுதான். அணைக்காதீங்க!"

அவன் காட்டிய எண்ணைப் பார்த்தாள். சற்று முன் அவள் மொத்தமாக அழித்த வேலைகளில் இருந்த அதே எண். பின்னால் கூட்டம் சலசலத்தது. ‘ஏன் அணைக்கறாங்க’, ‘யாரு இந்தம்மா’ என்று குரல்கள். காவலர் எழுந்து வந்தார். விளக்கிச் சொல்ல அவளிடம் மூச்சும் இல்லை, நேரமும் இல்லை.

"தம்பி, உன் வீட்டுக்காரிக்கு ரத்தம் போகணும். அதை இந்தத் திரைதான் மறிச்சுக்கிட்டு நிக்குது. கையை விடு."

அவன் பிடி தளர்ந்தது. "ரத்தமா?" என்றான். "எதுக்கு ரத்தம்? குழந்தை பொறந்துட்டா வெளிய வந்துடுவாங்கன்னு சொன்னாங்களே?"

அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சொல்லக்கூடாத விதத்தில், சொல்லக்கூடாத ஆள் சொல்லிவிட்டாள். அதற்காக நிற்கவும் முடியவில்லை. வயரைப் பிடித்து இழுத்தாள். எண்கள் மறைந்து திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று மட்டும் வந்தது. கைபேசியை வாயருகே வைத்து, "பிரிண்டரைப் போட்டு ஒரு தடவை அமுக்கு," என்றாள்.

"அமுக்கிட்டேன்... வரலை அண்ணி."

"வரணுமே."

"வரலை!"

நாற்காலியில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து என்ன என்று தெரியாமல் ஒரு கணம் எல்லாம் இருண்டது. அப்புறம் பிடிபட்டது. சர்வர் அந்தத் திரையின் அடையாள எண்ணை இன்னும் நினைவில் வைத்திருக்கும். ஆள் போனது தெரியாமல் பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். தானாக மறக்கும்வரை காத்திருக்க முடியாது. குதித்து இறங்கினாள். வந்த வழியே ஓடினாள். விலாப்புறம் குத்தியது, நெஞ்சு எரிந்தது. காத்திருந்த கூட்டத்தில் யாரோ திட்டுவது முதுகில் கேட்டது.

உட்காரக்கூட இல்லை. நின்றவாக்கில் அந்த ஒரு நினைவை அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். வரிசையில் ஒரே ஒரு வேலை நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காணாமல் போனது.

காதில், கரகரவென்று பிரிண்டர் ஓடும் சத்தம்.

"வந்துடுச்சு," என்றாள் குட்டி. உடனே, மூச்சை அடக்கிக்கொண்டு, பையில் இருந்த எண்ணையும் லேபிளில் இருந்த எண்ணையும் ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படித்தாள். யாருக்குப் படிக்கிறாள் என்று சர்வரக்காவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் "ம்," "ம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு போன் மேஜையில் விழுந்த சத்தமும், படிக்கட்டை நோக்கி ஓடும் காலடியும் கேட்டன.

சர்வரக்கா தரையில் உட்கார்ந்தாள். மல்லாத்தி வைத்த ரிசீவரை எடுத்து வைத்ததும் அடித்தது. மருந்தகம்; இப்போது ரசீது வருகிறதாம், ஆனால் எழுத்து மங்கலாக இருக்கிறதாம். "மை தீந்திருக்கும், மாத்திக்குங்க," என்று சொல்லி வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாள். மூடி வைத்தாள். அந்தப் பையன் ‘ரத்தமா?’ என்று கேட்ட முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அவன் அங்கேயேதான் நின்றான், ‘இணைப்பு இல்லை’ என்ற திரையைப் பார்த்தபடி. வேறு பார்க்க அவனுக்கு எதுவும் இல்லை.

"தம்பி, ரத்தம் மேல போயிடுச்சு."

"அவ எப்படி இருக்கா?"

"தெரியலை. கேட்டுட்டு வரேன்."

மாடி ஏறினாள். தியேட்டர் வாசலில் இருந்த நர்ஸ் உள்ளே விடவில்லை. "நீங்க கம்ப்யூட்டர் ஆளு, இங்க என்ன வேலை?" என்று கேட்டார். "கீழ அவ புருஷன் நிக்கறான், ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று கெஞ்சினாள். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அதை அப்படியே கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில், "திரும்பக் கேக்கறீங்களா?" என்றான். ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். பலகையைப் பிடுங்கியவள் அவள். இப்போது அந்த வேலையையும் அவளே செய்யவேண்டியதாயிற்று. கூடத்தில் மற்றவர்களும் தங்கள் எண்ணைச் சொல்லி, "அப்படியே எங்களுதையும் கேளும்மா," என்றார்கள். கேட்டாள்.

கடைசியாக ஏறியபோது குட்டி தியேட்டர் வாசல் பெஞ்சில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலிப் பெட்டி மடியில் இருந்தது. அண்ணியைப் பார்த்ததும் எழுந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்படி அணைத்துக்கொள்கிற பழக்கம் அவர்களுக்குள் கிடையாது.

"பிழைச்சுட்டா அண்ணி. பிரஷர் ஏறிடுச்சு. ஆனா கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாப் போச்சு. இனிமே குழந்தை கிடையாது."

"நான் முதல்லயே அந்த வயரைப் பிடுங்கியிருந்தா அதையும் எடுக்காம விட்டிருப்பாங்களா?"

"தெரியலை அண்ணி," என்றாள் குட்டி. "டாக்டரைக் கேக்க எனக்கு தைரியம் வரலை."

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இருவரும் படி இறங்கினார்கள். கர்ப்பப்பையைப் பற்றி டாக்டர் சொல்லட்டும் என்று குட்டி சொன்னாள், சர்வரக்காவும் சரியென்றாள். இன்று சொல்லக்கூடாததை ஒருமுறை சொன்னது போதும்.

"தம்பி, உன் வீட்டுக்காரி பிழைச்சுட்டா. ரத்தம் நின்னுடுச்சு. டாக்டர் இப்ப வந்து உன்கிட்ட பேசுவார்."

அவன் அழவில்லை. அவள் ஏறி நின்ற அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். மடியில் பிளாஸ்டிக் பையை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, "என்ன குழந்தைம்மா?" என்று கேட்டான்.

அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை ஓட்டத்தில் இருவரில் ஒருத்திக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"இரு, கேட்டுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு சர்வரக்கா மறுபடி மாடி ஏறினாள்.